கல்லின் நிறம்

கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணையும் ஒயர்மேன் பட்டென்று சொல்லிவிட்டார்.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் அது. கண் பரிசோதிக்கும் பெண் அதை மூடி வைத்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்குக் கழுகுக் கண்ணும்மா. ஒரு நிறம்கூடத் தப்பல.”

“உங்க புஸ்தகத்துலதான் ஏதோ கோளாறு” என்றாள் மனைவி.

பின்னே? மூன்று வாரம் கெஞ்சிக் கூத்தாடி, தலைவலிக்குக் கண்ணாடி போடலாம் என்று பொய் சொல்லி மனுஷனை இழுத்து வந்திருக்கிறாள். ஏணி மேல் நின்று ஒயரைப் பிடிக்கிற வேலை. ஒரு நிறம் மாறிப் பிடித்தால் ஆளே மிஞ்ச மாட்டார்.

“இது என்ன நிறம்னு கேளுங்க.”

மோதிர விரலை மேசை மேல் நீட்டினாள்.

கல்யாணமான வருஷம் அவர் வாங்கிப் போட்ட கல். அன்றைக்கு மைப்புட்டி நீலம். இருபத்தாறு வருஷம் அந்தக் கையோடுதான் பாத்திரம் தேய்த்தாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், மொட்டை மாடி வெயிலில் துணி உலர்த்தினாள். கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, இப்போது கழுவிவைத்த கண்ணாடிச் சில்லு மாதிரி கிடக்கிறது.

சோப்பு போட்டே பாழாக்கிவிட்டோமே என்று அவளுக்குள் ஓர் உறுத்தல். சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முந்திக்கொண்டார்: “என்ன நீலம் பாரேன்!”

அப்புறம்தான் அவர் கண்மீது சந்தேகம் வந்தது. அவள் தூக்கமும் போனது.

பரிசோதிக்கும் பெண் கல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நீலம்” என்றார் ஒயர்மேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

“பாத்தீங்களா!” அவளுக்குக் குரல் உடைந்து கண் நிறைந்துவிட்டது. “நாளைக்குக் கரண்டுல கைய வச்சா நான் என்ன பண்ணுவேன்?”

ஒயர்மேனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

“அட, அழாத. வெள்ளைதான். தண்ணி மாதிரி வெள்ளை. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன ஏங்க இத்தனை வருஷமா நீலம் நீலம்னீங்க?”

“நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான். கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரு. வெளிச்சம் பட்டா வெளுத்துரும், பெட்டிக்குள்ளயே வைங்கன்னு.”

“அத எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

அவர் அந்த விரலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொன்னா நீ பூட்டில்ல வச்சிருப்ப. அப்புறம் நான் எதைப் பாக்கறது?”