கெளுத்திக்கு ஒரு தீர்ப்பு

மீனைப் பற்றி முகம்மது ஹனீபா ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்குமேல் எவரும் வாய் திறப்பதில்லை. குளச்சல் ஏலக்கூடத்தில் நாற்பது ஆண்டுகளாக நிலவும் இந்த எழுதாச் சட்டம் அவருடைய வீட்டுக்குள்ளும் செல்லுபடியாகும்.

ஆகவே, காலை பத்து மணிக்குக் கண்ணாடித் தொட்டியின் மணலிலிருந்து அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தியைத் தூக்கி, "செத்துட்டு" என்று அவர் அறிவித்தபோது மனைவி பல்கீஸ் பீவி எதிர்த்துப் பேசவில்லை. விரல் நீளப் பழுப்பு உடல் அவர் உள்ளங்கையில் பலாச்சருகுபோல் விறைத்துக் கிடந்தது.

"கண்ணு கடுகளவுதான் இருக்கு. செவுளிலே சொவப்பே இல்ல. ஷாஹினாஸ் வந்து கேட்டா நான் என்னட்டி சொல்லுவேன்?"

மருமகள் ஷாஹினாஸ் உயிராக வளர்த்த மீன் அது. தேங்காப்பட்டணத்துத் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது, "மாமா, ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றிருந்தாள். இன்று நான்கு மணிக்குத் திரும்புகிறாள். அவரோ அதற்கு ஒருநாளும் தீனி போட்டதில்லை. இருட்டும் நேரத்து மகரிபுத் தொழுகைக்கு அவர் பள்ளிவாசல் போன பிறகு புழு போடுவது பல்கீஸ்தான்.

"பாவம், ஒத்தைக்குக் கெடந்தது. சோடி வாங்குங்கன்னு மூணு மாசமா சொல்லுதேன்" என்றாள் பல்கீஸ்.

"செத்த மீனுக்கு எதுக்குட்டி சோடி? பூனைக்குப் போடு!"

அவள் மீனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாய் திறக்கும் ஓசை கேட்டது. கை கழுவுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

ஸ்கூட்டர் நாகர்கோவிலுக்குப் பறந்தது. முதல் இரண்டு கடைகளில் கெளுத்தி இல்லை. மூன்றாவது கடையின் இருட்டு மூலைத் தொட்டியில் ஒன்று துள்ளி நீந்தியது. "மீனுன்னா இப்பிடி இருக்கணும்!" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்துவிட்டு, நீர்ப்பையைச் சட்டைக்குள் அணைத்தபடி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பிஸ்மில்லா சொல்லி வீடு சேர்ந்தார்.

தொட்டியில் விட்டதுதான் தாமதம், ஷாஹினாஸ் வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

"மாமா, இது வளந்துட்டே?"

"ரெண்டு நாளும் நான்லா தீனி போட்டேன்!" ஹனீபாவின் மார்பு நிமிர்ந்தது.

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு சட்டியோடு வந்த பல்கீஸ், அதிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீரோடு ஒரு பலாச்சருகும் விழுந்தது. தன் கறுப்புத் துப்பட்டாவால் தொட்டியை மூடிவிட்டு, சற்று நேரத்தில் ஓரத்தை மட்டும் விலக்கிக் காட்டினாள்.

உள்ளே இரண்டு கெளுத்திகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"உம்மா! சோடி!" ஷாஹினாஸ் குதித்தாள்.

ஹனீபா துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். "உயிரோடயா இருந்தது? அப்பமே சொல்லக்கூடாதாட்டி?"

"அது வெளிச்சத்துல செத்தாப்புலதான் கெடக்கும், இருட்டுனாத்தான் நீந்தும். அப்பமே சொல்லியிருந்தா சோடி வந்திருக்குமா? இப்பம் சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றாள் பல்கீஸ், தெருவுக்கே கேட்கும்படி.

"ஒங்களுக்கு மீனப்பத்தி ஒண்ணுந் தெரியாது!"