ரிங் வரவில்லை

"இந்த ஃபோனால நாலு நாளாத் தூக்கமே இல்லீங்க" என்றார் பஸ் டிரைவர், டோக்கன் மேசையைப் பிடித்துக்கொண்டு.

சர்வீஸ் சென்டர் வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் புது மாடல் ஃபோன் கடைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் தினமும் இதே கூட்டம். காலையிலிருந்து எல்லாச் சீட்டிலும் எழுதிய அதே இரண்டு சொற்களை இவருடைய சீட்டிலும் எழுதினார்: 'ரிங் வரவில்லை.'

டிரைவர் அதைப் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய எண் அறுபத்தொன்று. பலகையில் நாற்பத்தெட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு டியூஷன் மாஸ்டர். புலம்புவதற்கு ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"மச்சினனுக்குப் பொண்ணு அமைஞ்ச விஷயத்தச் சொல்ல என் மாமியார் ஏழு தடவ கூப்பிட்டிருக்காங்க. அவங்களுக்கு மணி அடிக்கிற மாதிரி கேக்குது, இங்க சத்தமே இல்ல. மாப்பிள்ளை வேணும்னே எடுக்கலேன்னு முடிவே பண்ணிட்டாங்க. மூணு நாளா எனக்கு வீட்ல சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது."

"மாமியார் கூப்பிட்டா அடிக்காத ஃபோனு. அதப் போயி யாராவது ரிப்பேருக்குக் கொண்டாருவாங்களா?" என்றார் டிரைவர்.

மாஸ்டர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. கண்கள் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன.

"நீங்க எப்ப வாங்கினீங்க?"

"வாங்கல. டிப்போல குடுத்தாங்க. நான் ரிசர்வ் டிரைவரு. எவன் லீவு போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஃபோன அணைச்சு வைக்கக் கூடாது, எடுக்காம இருக்கக் கூடாது. இருந்தா மெமோ."

"அய்யய்யோ. இந்த ஃபோன வெச்சுக்கிட்டா? இந்நேரம் நாலஞ்சு மெமோ வந்திருக்குமே!"

"வந்துது. இங்கயே வந்து, கோளாறு ஃபோன்லதான்னு ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போய்க் காட்டினேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

"அப்ப அதே கோளாறுக்கு ரெண்டாம் தடவையா வந்திருக்கீங்க?" மாஸ்டர் உச்சுக் கொட்டினார். "வித்துட்டா அவனுங்க வேலை முடிஞ்சுது. அரைவேக்காட்டுச் சாமான நம்ம தலைல கட்டிட்டு, நாமதான் லோலோன்னு அலையணும்."

அப்போது ஒரு ஃபோன் அடித்தது.

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. டிரைவரின் பையில்தான். அவர் எடுத்துத் திரையைப் பார்த்தார். அடித்து ஓயட்டும் என்று பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, காதில் வைத்தார்.

"சொல்லுங்க சார்... காலைலதான் சார் இறங்கினேன்... சரி சார். ஆறு மணி வண்டி. வரேன் சார்."

"இன்னைக்கு டபுள் டூட்டியா?" என்றார் மாஸ்டர்.

"திங்கட்கிழமையிலேர்ந்து இதே கதைதான். நேத்து சிக்னல்ல நிக்கிறப்ப கண்ணு மூடிடுச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுதான் முழிச்சேன். வண்டில அம்பது பேரு சார். ஒரு சின்னப் பொண்ணு கம்பியப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நிக்குது."

மாஸ்டர் மறுபடி ஃபோனுக்கே திரும்பினார். "ஒரு நேரம் அடிக்குது, ஒரு நேரம் அடிக்கல போலிருக்கு. அது இன்னும் மோசம் சார். முக்கியமான நேரத்துல கழுத்தறுத்துடும். விடாதீங்க, நல்லா நாலு வார்த்த கேளுங்க."

அறுபத்தொன்று வந்தது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்குக் காலையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டே தொண்டை கட்டியிருந்தது. சீட்டைப் பார்த்தாள். "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். சாஃப்ட்வேர்ல சின்னத் தப்பு. அத சரி பண்ற அப்டேட் கொஞ்சம் கொஞ்சமா எல்லா ஃபோனுக்கும் அனுப்பிட்டிருக்காங்க. வராதவங்களுக்கு நாங்களே ஏத்தி விடறோம். குடுங்க."

ஃபோனை வாங்கி ஒயரில் சொருகினாள். மேசை ஃபோனிலிருந்து அதற்கு ஒரு கால் போட்டாள். அடித்தது. மறுபடி போட்டாள். இன்னும் பலமாக அடித்தது.

"நல்லா அடிக்குதே சார்."

"அடிக்குதும்மா."

கம்ப்யூட்டரைப் பார்த்தவளின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம். "உங்களுக்குத் திங்கட்கிழமையே அப்டேட் தானா ஏறிடுச்சு சார்! ஃபோன்ல இப்ப ஒரு குறையும் இல்ல. இங்க உக்காந்திருக்கிற அத்தன பேரும் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

ஃபோனைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுக்கவில்லை.

"இன்னும் என்ன சார் வேணும்?"

டிரைவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குனிந்து, கண்ணாடி ஓட்டையருகே வாயை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பழையபடி கெடுத்துக் குடும்மா."