மாமியாரின் நாற்காலி

2009 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. முப்பது மொழிகள் வழங்கும் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில், ஒரு சிறு ஊரின் நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார்.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேவிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வண்டித் திருட்டு வழக்கில் கூண்டில் நிற்கும் டட்லி அவருடைய மருமகன். எங்கள் பழங்குடிச் சனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை, ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. "வேற ஆளைக் கூப்பிடுங்கன்னு காலையிலயே சொல்லிட்டேன்," என்கிறார் சுவரிடம். "வால்மஜாரி மொழி தெரிஞ்சவங்க இன்னைக்கு நீங்க மட்டும்தாம்மா," என்கிறார் குமாஸ்தா. ஜன்னல் வெயில் மேவிஸின் முதுகில் ஏறுகிறது. ஏ.சி. சொட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டியைக் கொடுத்தது டட்லியின் அண்ணன்தான். அதைத் தன் மொழியில் சொல்ல டட்லிக்கு அரை நிமிடம் போதும். அவனோ கையிலிருக்கும் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டு நிற்கிறான். பின்வரிசையில் மேவிஸின் மகன் முணுமுணுக்கிறான்: "அம்மா இருக்கிற இடத்துல மச்சான் தும்மக்கூட மாட்டாரு. இவங்க வாக்குமூலம் கேக்குறாங்க!" நீதிபதி ஆங்கிலத்தில் கேட்கிறார்: "வண்டிய நீங்கதானே எடுத்தீங்க?" டட்லி தலையாட்டுகிறான். "சொல்லாம கொள்ளாமலா?" இந்த அறையை விட்டுப் போனால் போதும் என்பதுபோல் அதற்கும் ஆட்டுகிறான். மேவிஸின் கண்ணில் படுவது சுவர் மட்டும்.

நான்கு மாதச் சிறை. பதிவேட்டில் 'மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார்' என்று எழுதுகிறார்கள்.