கறுப்புக் கட்டம்

ஆசிய மின்னணுத் தொழிலுக்கென்றே வரும் அந்த வாரப் பத்திரிகையில், உற்பத்தி நின்றுபோன சிப்புகளின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இரங்கல் செய்திக்குப் போடுவதுபோல் அதைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவது உதவி ஆசிரியை செண்பகாவின் வழக்கம். ஒருநாள் காலையில் நாமக்கல்லிலிருந்து பழனியாண்டி என்பவர் போன் செய்தார். கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருப்பவர்.

“ஏனுங்க மேடம், கடையில ஃபியூஸ் மடிச்சுக் குடுத்த தாள்ல பார்த்தனுங்க. எங்க மிஷின்ல சூடு பார்க்கிற சிப்பு, சாவுச் சேதியாட்டம் கறுப்புக் கட்டம் போட்ட உங்க லிஸ்ட்ல ஏழாவதா இருக்குது. மிஷின் நின்னுபோயிருமுங்களா? உள்ள ஆறாயிரம் முட்டைங்க. இன்னைக்குத்தான் பொரிக்குது.”

“அய்யோ, இல்லைங்க. இனிமே புதுசா செய்ய மாட்டாங்க, அவ்வளவுதான். உங்களுது பாட்டுக்கு ஓடும்.”

“அப்படிங்களா? சித்த இருங்க.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, காது கொள்ளாத கீச்சுக்கீச்சு. செண்பகா போனை வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த இதழுக்குப் பதினொரு சிப்புகள் சேர்ந்திருந்தன. பக்கத்தைப் பார்த்த ஆசிரியர், “கட்டம் விட்டுப்போச்சேம்மா” என்றார்.

“விட்டுப்போகலை சார், எடுத்துட்டேன்” என்றாள் செண்பகா.