திரும்பாத பக்கம்

விரல் அந்த வரியின் மேல் நின்றது.

அவள் மறுபடி தொடக்கத்துக்கு வந்தாள். உதடு அசைய, மெதுவாக வாசித்தாள். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கிற ஒருவனிடம் ஆண்டவர் பேசுகிறார். அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். கூடப்பிறந்தவனோடு இருக்கிற மனக்கசப்பை முதலில் தீர்த்து ஒப்புரவாகச் சொல்கிறார்.

கண்ணை மூடினாள். காத்திருந்தாள்.

வேறொன்றும் தோன்றவில்லை. போ என்பது மட்டும் காதுக்குள் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறை வேதத்தை முழுவதும் வாசித்து முடித்தவள் அவள். காலையில் இரண்டு அதிகாரம், மாலையில் இரண்டு. வருஷத்தின் கடைசி ஞாயிறன்று, முடித்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் சொல்வார். சபையில் முதலில் எழுவது அவள்தான். அதில் அவளுக்குப் பெருமை. அதை மறைத்ததும் இல்லை.

இந்த வரியை இருபத்திரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறாள்.

ஜனவரியில் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச காலத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து வரிக்குமேல் கூடாது என்றார் டாக்டர்.

ஐந்து வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

வாசித்தாள். நிறுத்தினாள். அதையே திரும்ப வாசித்தாள். பிறகு சும்மா இருந்தாள்.

கண் தெளிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மார்ச் வெயிலில் இந்த வரிக்கு வந்தாள். இப்போது அக்டோபர். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஞானதுரை. சாயர்புரத்தில் வீடு. பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது.

அவன் மகள் ஜெனிட்டா, கூட வேலைபார்த்த சுடலைமணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் சபைக்காரன் இல்லை. ஞானதுரை மறுக்காமல் வாசலில் பந்தல் போட்டு ஊருக்குச் சோறு போட்டான்.

பந்தி நடுவே போய் நின்று அக்காக்காரி சொன்னாள்: "எந்தம்பிக்கு மக செத்துப்போயிட்டா."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

புத்தகத்தை மூடினாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

ஞானதுரை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, தம்பி."

கையிலிருந்த வேட்டியை உதறினான். அவள் மேல் இரண்டு சொட்டுத் தெறித்தது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? யாரச் செத்துட்டான்னு சொன்னியோ அவகிட்டச் சொல்லு. அடுத்த தெருதான்."

அடுத்த தெரு அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

வாசலில் கோலம். கதவுக்கு மேலே முருகன் படம். கால் ஒரு கணம் பின்வாங்கியது.

கோலத்தை மிதிக்காமல் படி ஏறினாள்.

கதவைத் திறந்தது ஜெனிட்டா.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. "சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன், பிள்ள," என்றாள். "என்னை மன்னிச்சிரு."

ஜெனிட்டா கதவைப் பிடித்தபடி நின்றாள். முகம் இறுகியே இருந்தது. உள்ளே குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்றும் விட்டது.

"காலைல சாப்பிட்டியளா, அத்தை?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

ஜெனிட்டா கதவை விட்டு விலகி வழி விட்டாள்.

வருஷத்தின் கடைசி ஞாயிறு.

போதகர் சொல்லி முடிப்பதற்குள் முப்பது பேர் எழுந்தார்கள். அவள் எழவில்லை. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கண் ஆபரேஷன்தான் ஆளை உட்காரவைத்துவிட்டது என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

பக்கத்தில் இருந்த அவள் புருஷன் அருள்தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகருக்கே நம்பமுடியவில்லை. "தவமணியம்மா, இந்த வருஷம் முடிக்கலையா?"

"இல்ல, ஐயா."

"பரவால்ல. எதுவரைக்கும் வந்தீங்க?"

"சாயர்புரம் வரைக்கும்."

சிலர் சிரித்தார்கள். போதகர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அருள்தாஸ் மட்டும் தலையைத் தூக்கி, சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். எழுந்து நின்ற எந்த வருஷத்திலும் அவள் இவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

ஆராதனை முடிய இன்னும் அரை மணி நேரம். தம்பி வீட்டிலிருந்து மகளும் மருமகனும் சேர்த்து நான்கு பேர் வருகிற பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான். அடுப்பிலிருந்து கறிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குக் குறுக்குவழி உண்டு. அதில் போகமாட்டாள். ஆலயத்து வாசல் வழியாகத்தான் அவர்களைக் கூட்டிப்போவாள். சபை கலைந்து எல்லாரும் வெளியே நின்று பேசுகிற நேரம் பார்த்து, சுடலைமணியின் பக்கத்திலேயே நடந்து.