மூன்று பொட்டு

வண்டி மூன்றாவது கியரை விட்டு இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.

டாக்டரம்மாவின் ஆட்டோமேட்டிக் கார். கியர் தானாக மாற வேண்டும். தெருமுனை வரை முக்கி முனகிப் போய்விட்டு, அதே மூன்றில் ஷெட்டுக்குத் திரும்பியது.

ஓட்டிப் பார்த்த செல்வின், ஷெட்டின் பெரிய மெக்கானிக், இறங்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டான். கியர் பாக்ஸ் போய்விட்டது. இறக்கி மதுரைக்கு அனுப்ப வேண்டும். பத்து நாள்.

ஷெட்டின் புது மெக்கானிக்கான அவள், வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கியரை மாற்றிவிடுகிற வால்வுகள் நான்கு. நான்குமே செத்துவிட்டன என்று காட்டியது.

ஒரே நாளிலா? பேசி வைத்துக்கொண்டா சாகும்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று வருஷம் அவள் வாட்டர் வாஷ். ஐ.டி.ஐ. சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வண்டி கழுவும் பம்பைப் பிடித்து நின்றவள். இந்த விஜயதசமியன்றுதான் முதலாளி தங்கையா அண்ணாச்சி ஸ்பேனர் பெட்டியைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார்.

"ஒரு தப்பு பண்ணுனேன்னு வையி, திரும்பப் பம்புதான் பிள்ள."

இன்று மூன்றாம் நாள்.

"அண்ணாச்சி, பாக்ஸ இப்ப இறக்க வேண்டாம். அரை மணி நேரம் தாங்க."

"ஆமா, நீ பாத்துக் கிழிச்ச" என்றான் செல்வின்.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். அது போதும் அவளுக்கு.

நான்கு வால்வின் ஒயரும் ஒரே கப்ளரில், ஒயர்களை இணைக்கும் பிளக்கில், வந்து சேர்கின்றன. பேட்டரிக்கு அடியில், கியர் பாக்ஸின் தலையில் அது இருக்கும். பேட்டரியைக் கழற்றினாள். தட்டைத் தூக்கினாள். டார்ச்சை அடித்தாள்.

கப்ளரின் முதுகில் மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றிலும் குங்குமம்.

கை அப்படியே நின்றுவிட்டது.

ஷெட்டில் எல்லாரும் ஒரு பொட்டுதான் வைப்பார்கள். மூன்று வைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஆயுத பூஜைக்கு வாடிக்கை வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்து அனுப்புவது அண்ணாச்சியின் வழக்கம். பதினான்கு வண்டி. பம்பைப் பிடிக்கிற கடைசி நாள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் என்றைக்கும் இல்லாத உற்சாகம். பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, இண்டு இடுக்கெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சி, அங்கேயும் பொட்டு வைத்தாள். பானெட்டைத் திறந்து பார்த்த டாக்டரம்மா, புது வண்டி மாதிரி இருக்கே என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

கப்ளரைப் பிரித்தாள்.

உள்ளே தண்ணீர். பின்களில் பச்சைக் களிம்பு.

சே!

அவள் நினைத்தது சரி. பாக்ஸ் கெடவில்லை; கெடுத்தது அவள் பீய்ச்சிய தண்ணீர்.

ஒரு விரலால் துடைத்தால் பொட்டு போய்விடும். கப்ளரை மாட்டிவிட்டு, செல்வின் அண்ணன் சொன்னதுதான் சரி என்று எழுந்துவிடலாம். பாக்ஸ் மதுரைக்குப் போகும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

விரல் பொட்டு வரை போனது.

செல்வின் காணாதது. ஸ்கேனர் சொல்லத் தெரியாமல் சொன்னது. அதைத் தன் கண் கண்டிருக்கிறது. எப்படி விட்டுக்கொடுப்பது? மனசே வரவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க."

அவர் குனிந்தார். கப்ளரைப் பார்த்தார். பொட்டை எண்ணினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"கெடுத்தது நாந்தான்" என்றாள். "கண்டுபிடிச்சதும் நாந்தான்."

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

அண்ணாச்சி நிமிர்ந்து வழிவிட்டார். செல்வினும் எட்டிப் பார்த்தான்.

களிம்பைச் சுத்தம் செய்தாள். காற்றடித்துக் காயவைத்தாள். கப்ளரை மாட்டினாள். அது 'டக்'கென்று விழுகிற வரை அழுத்தினாள். பேட்டரியைப் பொருத்தி, ஸ்கேனரில் பழைய கோளாறுகளை அழித்தாள்.

செல்வின் கையிலிருந்த சாவியை அண்ணாச்சி வாங்கினார். அவளிடம் நீட்டினார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு.

யம்மாடி! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மாறுகிறது. ரயில்வே கேட் வரை ஓட்டினாள். தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் ஓட்டினாள்.

அண்ணாச்சி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஷெட் வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"உன் கையில பம்பக் குடுத்தா ஊருல ஒரு வண்டி மிஞ்சாது."

இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஜாப் கார்டை எப்போதும் செல்வின்தான் நிரப்புவான். இன்று அவன் அட்டையை அவள் பக்கமாக நகர்த்தினான். பேனாவையும்.

பழுதுக்குக் காரணம் என்று ஒரு கட்டம். தன் பெயரை எழுதினாள்.

பழுதைக் கண்டறிந்தவர் என்று இன்னொன்று. அதிலும் தன் பெயர்.

இரண்டாவதைக் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்.