வேலப்போடியின் வண்டில்

“மகளுக்கு இது ஏழாம் மாசம். பதுளையில தனியக் கிடக்கு புள்ள. இன்னும் என்னத்துக்கு இந்த மடத்தைக் கட்டிப் பிடிச்சித்து இருக்கிறீங்க?” என்றாள் மனைவி றாபியா.

மீராசாஹிபு வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இண்டைக்குச் செவ்வாய். வேலப்போடி வாற நாள்.”

“ஒரு வண்டிலுக்கு ஒரு மடமா?”

“மூத்தாப்பா காலத்துல இருந்து வாற ஆக்கள். பூட்டின கதவைக் கண்டா அந்த மனுசன் என்ன நினைப்பாரு?”

அவருடைய பாட்டனார் கட்டிய மடம் அது. ஒரு காலத்தில் நிந்தவூர் ரோட்டில் போகிற வண்டிலெல்லாம் இங்கேதான் மாடு அவிழ்க்கும். முஸ்லிம்களுக்கு மடத்துப் பெண்கள் ஆக்கிப் போட்டார்கள். தமிழர்கள் தாங்களே சமைக்கக் கூரை வளையில் தனிப் பானைகள் தொங்கின. பாட்டனார் போட்ட சட்டம் ஒன்றுதான்: வண்டிலில் என்ன ஏற்றியிருக்கிறது என்று மடத்துக்காரன் கேட்கவும் கூடாது, தொட்டுப் பார்க்கவும் கூடாது. அதை நம்பித்தான் வண்டில்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பிறகு லொறி வந்தது. லொறிக்கு வைக்கோலும் வேண்டாம், மடமும் வேண்டாம். மிஞ்சியது ஒரு வண்டில், ஒரு பானை.

மாட்டு மணி கேட்டது.

“வாங்க போடியார். இவ்வளவு மூட்டையை இழுத்தும் மாடு களைக்கவே இல்லையே.”

“நல்ல தீன் போடுறன் காக்கா” என்று முழங்காலைப் பிடித்தபடி இறங்கினார் வேலப்போடி. மீராசாஹிபுவை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் அவர் கூப்பிடுவார்.

அவர் சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும் வரை மீராசாஹிபு பொறுத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“போடியார், ஒரு விசயம் கதைக்கணும். இந்த மடத்தை...”

“மடத்துக்கு என்ன காக்கா? இது இல்லாட்டி நான் எங்க போய் மாட்டை அவுக்கிற?”

மீராசாஹிபு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஒண்டுமில்ல. கூரைக்குக் கிடுகு மாத்தணும் எண்டு சொல்ல வந்தன்.”

உள்ளே றாபியா, பயணத்துக்கென்று பெட்டியில் அடுக்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் மாலை தம்பிலுவிலில் வேலப்போடியின் வீட்டு முற்றத்தில் வண்டில் வந்து நின்றது. அவர் மனைவி குஞ்சம்மா, கைக்கு ஒன்றாக மூட்டைகளைத் தூக்கி இறக்கி வைத்தாள்.

“நம்மட நெல்லு லொறியில போகத் தொடங்கி ஒரு வருசமாச்சு. வீங்கின முழங்காலோட இந்த உமி மூட்டையை ஏத்தித்து இன்னும் எத்தினை நாளைக்குத்தான் போவீங்க?”

வேலப்போடி காலை நீட்டி உட்கார்ந்தார்.

“என்ன செய்யிற? என்னை விட்டா அந்த மடத்துக்கு ஆரு போறா? நானும் போகாட்டி, பாவம், காக்காக்கு வேற போக்கிடம் ஏது?”